நீர் ஏறும் வழி, சீனி இறங்கும் வழி: வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில், செடிக்குள் நீரும் சத்தும் எப்படி நடமாடுகின்றன என்பதைச் சுற்றி வந்தவற்றை ஒன்றாக எடுத்துக்கொண்டோம். பதில்களுக்கு முன் ஒரு சிறு விளக்கம் தேவை. செடிக்குள் இரண்டு குழாய்த் தொகுதிகள் உண்டு. காழ் (இந்தியப் பாடநூல்களில் சைலம்) வேர் எடுத்த நீரையும் அதில் கரைந்த உப்புகளையும் மேலே கொண்டுபோகிறது. உரியம் (அவர்களுக்குப் புளோயம்) இலை தயாரித்த சீனியை வேர், கிழங்கு, காய், துளிர் என்று கேட்கும் இடமெல்லாம் கொண்டுபோகிறது. காழ் உள்ளே கட்டையில் இருக்கிறது, உரியம் பட்டையின் உட்புறத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே மாறிழையம் என்ற, வளர்ந்துகொண்டே இருக்கும் மெல்லிய படை.

கேள்வி: எங்கள் தோட்டத்து எல்லையில் நிற்கும் யூக்கலிப்டஸ் மரம் முப்பது மீற்றருக்குக் குறையாது. மோட்டர் இல்லாமல் அந்த உச்சிக்குத் தண்ணீர் எப்படிப் போகிறது? வேர் தள்ளுகிறதா?
*வாசகர், ஹட்டன்*

வேர் தள்ளுவதும் உண்டு. ஆனால் அந்தத் தள்ளல் பெரும்பாலும் ஒன்றிரண்டு வளிமண்டல அமுக்கத்தைத் தாண்டாது. வெயில் ஏறி இலை நீரை விடத் தொடங்கியதும் அதுவும் இல்லாமல் போகும். நுண்குழாய் ஏற்றமும் காரணம் அல்ல: 0.05 மில்லிமீற்றர் விட்டமுள்ள குழாயில் நீர் தானாக ஏறுவது 60 சென்ரிமீற்றர் வரைதான்.

வேலை மேலே, இலையில் நடக்கிறது. இலைவாய் (இலைத் தோலிலுள்ள நுண்துளை) திறந்திருக்கும்போது இலைக்குள்ளே இருக்கும் கலச்சுவர்களின் ஈரம் ஆவியாகிறது. அந்தச் சுவர்களிலுள்ள இடைவெளிகள் மிக மிக நுண்ணியவை. நீர் உள்வாங்க முயலும்போது அந்த இடைவெளிகளில் அதன் மேற்பரப்பு குழிந்து, பின்னால் இருக்கும் நீரை இழுக்கிறது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருப்பதால் அந்த இழுப்பு இலை, கிளை, தண்டு வழியாக வேர்நுனி வரை ஒரு கயிற்றை இழுப்பதுபோலப் போய்ச் சேர்கிறது. அயர்லாந்தைச் சேர்ந்த டிக்சன், ஜோலி இருவரும் 1894 இல் வைத்த விளக்கம் இது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு ஜேர்மன் தாவரவியலாளர் ஸ்ராஸ்பேகர், தண்டின் உயிர்க்கலங்களை நஞ்சூட்டிக் கொன்ற பிறகும் நீர் ஏறுவதைக் காட்டியிருந்தார். காழ்க்குழாய்கள் இறந்த கலங்களின் வெற்றுக்கூடுகள்தான். நீர் ஏற அவற்றுக்கு உயிர் தேவையில்லை.

உறிஞ்சும் பம்பி கடல்மட்டத்தில் நீரைச் சுமார் 10 மீற்றருக்கு மேல் தூக்காது. காற்று மெலிந்த நுவரெலியாவில், அதாவது ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில், அந்த எல்லை 8 மீற்றரை ஒட்டிக் குறைந்துவிடும். மரத்துக்கு இந்த எல்லை பொருந்தாது. பம்பியில் நீரை மேலே தள்ளுவது வெளிக்காற்று. மரத்திலோ நீரே நீரை இழுக்கிறது. முப்பது மீற்றர் மரத்தில் நீரின் எடையைச் சமாளிக்க மட்டும் 3 வளிமண்டல அளவு இழுவிசை வேண்டும். குழாய்ச் சுவரின் உராய்வையும் சேர்த்தால் அது ஏறக்குறைய இரட்டிப்பாகும். இதில் ஒரு பலவீனம் உண்டு: குழாய்க்குள் காற்றுக்குமிழி புகுந்தால் கயிறு அறுந்ததுபோல அந்தக் குழாய் நின்றுவிடும். கடும் வரட்சியில் நுனிக்கிளைகள் முதலில் காய்வதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

கேள்வி: காசித்தும்பைச் செடியைச் சிவப்பு மையில் வைக்கும் பரிசோதனையை வேரோடு செய்தோம். நிறம் சரியாக ஏறவில்லை. தண்டை வெட்டி வைத்த வகுப்புத் தோழிக்கு நன்றாக வந்தது. ஏன்?
*க.பொ.த. சாதாரண தர மாணவி, பொகவந்தலாவை*

உங்கள் பரிசோதனை பிழையல்ல. இன்னும் சொன்னால் உங்களுடையதுதான் கூடுதலாகச் சொல்லித்தருகிறது. வேரின் உள்ளே அகத்தோல் என்ற ஒரு படை இருக்கிறது. அதன் கலங்களைச் சுற்றி நீர்புகாத கஸ்பாரியின் பட்டி ஓடுகிறது. மண்நீர் அதுவரை கலச்சுவர்களின் ஓரமாக வரலாம். அதற்கு மேல் போகவேண்டுமானால் உயிருள்ள கலமென்சவ்வைக் கடந்தே ஆகவேண்டும். அங்கே செடி தெரிவு செய்கிறது. நைத்திரேற்று, பொற்றாசியம் போன்றவற்றைச் சக்தி செலவழித்து உள்ளே எடுக்கும், மையின் பெரிய மூலக்கூறுகளைப் பெரும்பாலும் வெளியே நிறுத்தும். தண்டை வெட்டினால் அந்த வாசல் இல்லை. மை நேரே காழுக்குள் போகும்.

வேரோடு வைத்துச் சிறிது நிறம் ஏறியிருந்தால், பிடுங்கும்போது சில வேர்கள் அறுந்திருக்கும். அடுத்த முறை இரண்டு செடிகளையும் அருகருகே, காற்றோட்டமுள்ள வெளிச்சத்தில் வையுங்கள். ஒரு மணித்தியாலம் கழித்துத் தண்டைக் குறுக்கே மெல்லிய வட்டமாகச் சீவிப் பாருங்கள். சிவந்த புள்ளிகள் இருக்கும் இடம் காழ்.

கேள்வி: விடியற்காலையில் ஸ்ட்ரோபெரி இலையின் விளிம்பில் மட்டும் முத்துப்போல நீர் நிற்கிறது. பனித்துளியா?
*வாசகி, நுவரெலியா*

பனித்துளி என்றால் இலை முழுவதும் நனைந்திருக்கும். விளிம்புப் பற்களின் நுனியில் மட்டும் ஒழுங்காக நிற்பது செடிக்குள்ளிருந்து வந்த நீர். இரவில் இலைவாய் மூடியிருக்கும்; காற்றும் ஈரமாக இருக்கும். ஆனால் வேர் உப்புகளை எடுத்துக்கொண்டே இருப்பதால் நீரும் பின்னால் உள்ளே வந்து அமுக்கம் ஏறுகிறது. அந்த நீர் விளிம்பிலுள்ள நீர்வாய்கள் வழியே கசிகிறது. வேர் சுகமாக இருக்கிறது என்பதற்கு இது நல்ல அடையாளம். துளி காய்ந்த இடத்தில் வெள்ளைப் படிவும் கருகலும் தெரிந்தால் மட்டும் பசளையைக் குறையுங்கள்.

கேள்வி: பொலித்தீன் கூடாரத்தில் தக்காளியும் கறிமிளகாயும் நட்டிருக்கிறோம். காயின் அடிப்பகுதி கறுத்து, தோல்போலக் காய்ந்து உள்வாங்குகிறது. கல்சியம் குறைவு என்றார்கள். டொலமைட் என்ற சுண்ணாம்புத் தூள் போட்டும், இலைக்குக் கல்சியம் அடித்தும் நிற்கவில்லை. மண்ணில் இருக்கும் கல்சியம் எங்கே போகிறது?
*மரக்கறிச் செய்கையாளர், வெலிமடை*

இலைக்குப் போகிறது. கல்சியம் காழ் வழியாக மட்டுமே பயணம் செய்யும்; உரியத்தில் அதற்கு அநேகமாக இடமில்லை. ஆகவே எந்த உறுப்பு அதிகம் நீரை ஆவியாக்குகிறதோ அந்த உறுப்புக்கே கல்சியமும் போய்ச் சேரும். இலை நாள் முழுவதும் ஆவியாக்குகிறது. தக்காளிக் காயின் தோலிலோ இலைவாயே இல்லை எனலாம். காய்க்கு வரும் நீரில் பெரும்பகுதி சீனியோடு உரியத்தின் வழியே வருவது, அதில் கல்சியம் மிகக் குறைவு. காய் வேகமாகப் பருக்கும்போது காம்பிலிருந்து தூரத்தில் இருக்கும் அடிமுனைக்குக் கல்சியம் எட்டுவதில்லை. அங்குள்ள கலங்கள் உடைந்து கறுக்கின்றன. இலைக்கு அடித்த கல்சியமும் இலையிலேயே தங்கிவிடும். இலையிலிருந்து காய்க்குப் போக அதற்கு வழி கிடையாது. மண்ணைக் குறை சொல்வதற்கு முன் பாதையைப் பார்க்கவேண்டும் என்பது இந்த நோயில்தான் மிகத் தெளிவாகத் தெரிகிறது.

உங்கள் கூடாரத்தில் இதற்கு வழக்கமாக மூன்று காரணங்கள் இருக்கும்.

முதலாவது, நீர் ஒழுங்கில்லாமை. இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் வெள்ளமாக விடுவது மிக மோசம். காய்ந்த நேரத்தில் வரும் கொஞ்ச நீரையும் இலைகள் பிடுங்கிக்கொள்ளும். ஒரே நாளில் ஊற்றும் நீரை இரண்டு மூன்று முறையாகப் பிரித்து விடுங்கள். பூத்து முதல் மூன்று வாரம், காய் கோலிக்குண்டு அளவிலிருந்து தேசிக்காய் அளவுக்கு வரும் காலம், மிகக் கவனம் தேவை. பாதிப்பு அப்போதுதான் உள்ளே தொடங்குகிறது. கறுப்பு வெளியே தெரியும்போது அந்தக் காயைத் திருத்த முடியாது, பறித்துவிடுங்கள்.

இரண்டாவது, பசளைப் போட்டி. அமோனியம் சல்பேற்று, யூரியா, மியூறியேற் ஒவ் பொட்டாஷ் ஆகியவை மிஞ்சினால் வேரின் வாசலில் அமோனியமும் பொற்றாசியமும் கல்சியத்தோடு போட்டியிடும். தழைச்சத்து (நைதரசன்) மிஞ்சினால் இலை பெருகி இன்னும் நீரை இழுக்கும். காய்க்கும் காலத்தில் நைதரசனின் பெரும்பகுதியைக் கல்சியம் நைத்திரேற்றாகக் கொடுங்கள். செறிவான கரைசல் தயாரிக்கும்போது அதையும் மகனீசியம் சல்பேற்றையும் (எப்சம் உப்பு) ஒரே வாளியில் கரைக்காதீர்கள். வெள்ளை ஜிப்சம் படிந்து கல்சியம் வீணாகும். சொட்டுக்குழாயின் துளைகளும் அடைத்துக்கொள்ளும். இரண்டு தனி வாளிகள் வேண்டும்.

மூன்றாவது, மூட்டம். மூடுபனி நாட்களில் கூடாரத்தை இறுக மூடிவைத்தால் ஆவியுயிர்ப்பே (இலை நீரை ஆவியாக விடுவது) அடங்கி, காழில் நீரோட்டம் மந்தமாகும், கல்சியமும் மந்தமாகும். காலையில் பக்கச் சீலையைச் சுருட்டிவிடுங்கள். இரவில் நிலைமை வேறு: மண் ஈரமாக இருந்தால், நுவரெலியா வாசகிக்குச் சொன்ன அதே வேரமுக்கம் நீரையும் கல்சியத்தையும் காய்க்கும் உள்ளிலைக்கும் தள்ளிவிடும். அதனால் மாலையில் மண்ணுக்கு (இலைக்கு அல்ல) ஓரளவு நீர் இருப்பது நல்லது. இலையை நனைத்தால் பங்கசு நோய் வரும்.

டொலமைட் உடனடி மருந்து அல்ல. நடுவதற்கு நான்கு வாரத்துக்கு முன்பாவது மண்ணோடு கலக்கவேண்டும். அளவை மண் பரிசோதனை சொல்லவேண்டும். பி.எச். 5.5 இலும் குறைந்த அமில மண்ணுக்குச் சதுர மீற்றருக்கு 200 கிராம் வரை போடுவது வழக்கம். இப்போது செய்யக்கூடியது, லீற்றருக்கு 4 கிராம் கல்சியம் குளோரைட்டை வாரம் ஒருமுறை மாலையில் இளங்காயின் மேலேயே படும்படி அடிப்பது. ஓரளவு உதவும், முழுத் தீர்வு நீரை ஒழுங்குபடுத்துவதுதான்.

கோவாவின் உள்ளிலை, சலாது இலை ஆகியவற்றின் விளிம்பு கருகுவதும் இதே கதைதான்.

கேள்வி: உருளைக்கிழங்குப் பாத்தியில் தண்ணீர் நிற்கும்போதே செடி வாடுகிறது. தண்ணீருக்குள் நின்றுகொண்டு வாடுவது எப்படி?
*செய்கையாளர், கந்தப்பளை*

வாட்டம் என்றால் தண்ணீர் இல்லை என்று அர்த்தமல்ல. மேலே போகும் நீரைவிட இலை விடும் நீர் கூடிவிட்டது என்பதே அர்த்தம். வேரின் வாசல் அடைபட்டாலும், குழாய் அடைபட்டாலும் வாடும்.

வேர் மூச்சுவிட ஒட்சிசன் வேண்டும். நீருக்குள் ஒட்சிசன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிட ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு குறைவு. மண்ணின் துளைகள் நீரால் நிரம்பியதும் வேர்க்கலம் திணறுகிறது, உப்பை எடுக்கச் சக்தி இல்லை, மென்சவ்விலுள்ள நீர்வழிகளும் மூடிக்கொள்கின்றன. பாத்தியை 20 முதல் 25 சென்ரிமீற்றர் உயர்த்தி, சமவுயரக் கோட்டை ஒட்டி மெல்லிய சரிவோடு வடிகால் வெட்டுங்கள். சரிவுக்கு நேர்கீழாக வெட்டினால் மண் போய்விடும். ஈரப் பாத்தியில் மிதிக்க வேண்டாம்.

பசளை இட்ட ஓரிரு நாளில் வாடியிருந்தால் காரணம் வேறு. மண்நீரில் உப்புச் செறிவு வேருக்குள் இருப்பதைவிடக் கூடினால் பிரசாரணம் (செறிவு கூடிய பக்கத்துக்கு மென்சவ்வு வழியே நீர் நகர்வது) திசைமாறி நீர் வேரைவிட்டு வெளியேறும். பசளையைத் தண்டிலிருந்து 5 முதல் 8 சென்ரிமீற்றர் தள்ளி இட்டு, மண்ணால் மூடி, நீர் விடவேண்டும்.

நீங்கள் முதலில் சோதிக்க வேண்டியது மூன்றாவதை: பற்றீரியா வாடல். ரால்ஸ்டோனியா என்ற பற்றீரியா வேர்க்காயத்தால் புகுந்து காழ்க்குழாய்களுக்குள் பெருகி, பசைபோன்ற கூழால் அவற்றை அடைத்துவிடும். இலை பச்சையாக இருக்கும்போதே பகலில் வாடும், முதல் சில நாள் இரவில் நிமிரும், பிறகு நிமிராது. சோதனை எளிது. தண்டின் அடியிலிருந்து 3 சென்ரிமீற்றர் துண்டை வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில், வெட்டுமுனை நீரில் தொடும்படி அசையாமல் தொங்கவிடுங்கள். சில நிமிடத்தில் பால்நிற இழைகள் கீழே இறங்கினால் அதுவேதான். மருந்து கிடையாது. செடியைச் சுற்றியுள்ள மண்ணோடு எடுத்து அகற்றுங்கள். அந்தப் பாத்தி நீர் மற்றப் பாத்திக்கு ஓடவிடாதீர்கள், மண்வெட்டியைக் கழுவுங்கள். அந்தக் கிழங்கை விதைக்கு வைக்கவே கூடாது. அங்கே சில போகங்களுக்குத் தக்காளி, கத்தரி, மிளகாய் எதுவும் வேண்டாம். லீக்ஸ், கோவா, கரட் போடலாம்.

கேள்வி: ஓகஸ்ட் மாதக் காற்றில் மதியம் பூசணி இலைகள் தொங்கி, மாலையில் நிமிர்கின்றன. மதியமே நீர் ஊற்றலாமா?
*வாசகி, பண்டாரவளை*

ஊவாவின் அந்த வரண்ட காற்று இலையைச் சுற்றியுள்ள ஈரத்தை உடனுக்குடன் அள்ளிப்போகும். வேர் ஈடுகொடுக்க நேரமெடுக்கும். விடிகாலையில் இலை நிமிர்ந்திருந்து, பத்து சென்ரிமீற்றர் ஆழத்து மண் கையில் ஒட்டினால் ஒன்றும் செய்யவேண்டாம். விடிகாலையிலும் தொங்கினால் அன்றே ஊற்றுங்கள்.

கேள்வி: லயத்துக்குப் பின்னால் நிற்கும் கொய்யாவின் அடிப்பட்டையை ஆடு சுற்றிவரக் கடித்துவிட்டது. இரண்டு மாதமாகியும் இலை பச்சையாகத்தான் இருக்கிறது. தப்பிவிட்டதா?
*வாசகர், மஸ்கெலியா*

இல்லை. பட்டையோடு உரியம் போய்விட்டது. கட்டையிலுள்ள காழ் மிஞ்சியிருக்கிறது. நீர் மேலே போகிறது, அதனால் இலை பச்சை. சீனி கீழே போகவில்லை. வேர் தன் பழைய இருப்பைத் தின்றுகொண்டிருக்கிறது. அது தீர்ந்ததும் வேர் சாகும், பிறகு மரம் சாகும். காயத்துக்கு மேல்விளிம்பு தடித்து வீங்கியிருக்கும், பாருங்கள். இறங்க வழியில்லாமல் சீனி தேங்கிய இடம் அது.

அந்த வீக்கத்தையே பயன்படுத்தலாம். கொய்யாவில் பதியம் கட்டும்போது நாமே 2 முதல் 3 சென்ரிமீற்றர் அகலத்துக்குப் பட்டையை வளையமாக எடுத்து, மாறிழையத்தையும் சுரண்டிவிட்டுச் செய்யும் வேலையை ஆடு செய்துவிட்டது. ஆனால் அடிமரம் பதியத்துக்கு மிகத் தடிப்பு. பென்சில் பருமனிலிருந்து விரல் பருமன் வரையுள்ள மூன்று நான்கு கிளைகளில் வளையம் எடுத்து, பிழிந்தால் நீர் சொட்டாத அளவு ஈரமான தும்புத்தூளைக் கைப்பிடியளவு வைத்து, பொலித்தீனால் சுற்றி இரு முனையையும் இறுகக் கட்டுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் பொலித்தீனுக்குள் வேர் தெரியும். மலைக்குளிரில் இன்னும் தாமதிக்கலாம். வெட்டி நட்டால் அதே கொய்யா.

தாய்மரத்தையும் காப்பாற்ற நினைத்தால் பாலஒட்டு இருக்கிறது. அதே மரத்தின் பென்சில் பருமன் குச்சிகளைக் காயத்தைவிட 6 சென்ரிமீற்றர் நீளமாக வெட்டி, அடிமுனை கீழே இருக்கும்படி, காயத்துக்குக் கீழும் மேலும் உள்ள பட்டைக்குள் செருகி, சிறு ஆணி அடித்து மெழுகால் மூடுவது. திசை தலைகீழானால் பிடிப்பது கடினம். 5 முதல் 7 சென்ரிமீற்றருக்கு ஒரு குச்சி வேண்டும். பட்டை எளிதில் உரியும் மழைக்காலமே இதற்கு ஏற்றது.

கேள்வி: சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறேன். போன முறை கவ்வாத்து வெட்டியபின் பல செடிகள் துளிர்க்காமலே செத்தன. வெட்டு சரியாகத்தான் இருந்தது. எங்கே பிழை?
*சிற்றுடைமையாளர், கண்டி மாவட்டம்*

மேலே கொய்யாவுக்குச் சொன்னதை இங்கே திருப்பிப் போடுங்கள். கவ்வாத்து வெட்டியதும் சீனி செய்யும் இலை ஒன்றும் இல்லை. முதல் துளிர்கள் இலையாகி முற்றும் வரை செடி வேரிலுள்ள மாப்பொருளைக் கரைத்துத்தான் உயிர்வாழ்கிறது. அந்த இருப்புக் குறைவாக இருந்தால் கத்தி எவ்வளவு கூராக இருந்தும் பயனில்லை. உயர்ந்த மலைகளில் வேர் இருப்பு பொதுவாகக் கூடுதல். வெப்பமான இடைநாட்டிலும் தாழ்நாட்டிலும் செடி இரவிலும் நிறையச் சுவாசித்துச் சீனியைச் செலவழிப்பதால் குறைவு.

வெட்டுமுன் சோதியுங்கள். தோட்டத்தில் அங்கங்கே சில செடிகளிலிருந்து பென்சில் பருமன் வேரை எடுத்து, கழுவி, குறுக்கே வெட்டி, அயடீன் கரைசல் ஒரு துளி விடுங்கள். வெட்டுமுகம் முழுவதும் கருநீலமானால் (அது மாப்பொருளின் அடையாளம்) வெட்டலாம். வெளிறிய மஞ்சளாகவே நின்றால் கொழுந்தெடுப்பதை நிறுத்தி 4 முதல் 6 வாரம் செடியை ஓய்வாக விட்டு, மறுபடி சோதியுங்கள். வரட்சியில் வெட்டாதீர்கள். பலவீனமான செடியில் இலையுள்ள ஓரிரு கிளையை விட்டு வெட்டுங்கள். அவை வேருக்குச் சீனி அனுப்பிக்கொண்டிருக்கும், துளிர் வந்தபின் எடுத்துவிடலாம். வெட்டிய கிளைகளைச் செடியின் மேல் பரப்பினால் வெயிலில் பட்டை வெடிக்காது.

கேள்வி: தக்காளியில் கீழ் இலை மஞ்சள். ரோசாவில் நுனி இலை மஞ்சள். இரண்டுக்கும் ஒரே பசளை போதுமா?
*வாசகர், ராகலை*

போதாது. நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம், மகனீசியம் நான்கும் உரியத்திலும் பயணிக்கும். தட்டுப்பாடு வந்தால் செடி கிழட்டு இலையிலிருந்து எடுத்து இளம் இலைக்கு அனுப்பும்; அதனால் கீழே மஞ்சள். நரம்பு பச்சையாக, இடையில் மட்டும் மஞ்சளானால் மகனீசியம்: எப்சம் உப்பு லீற்றருக்கு 10 கிராம், இரண்டு வார இடைவெளியில் இலைக்கு அடிக்கலாம். இரும்பு, போரன், கல்சியம் போன்றவை இலகுவில் இடம் மாறாது. ஆகவே குறை நுனியில் தெரியும். ரோசாவுக்கு அண்மையில் சுண்ணாம்போ அடுப்புச் சாம்பலோ கூடுதலாகப் போட்டீர்களா என்று பாருங்கள். மண்ணின் பி.எச். ஏறினால் இரும்பு மண்ணில் இருந்தும் வேருக்குக் கிடைக்காது.

கேள்வி: கோயில் அலங்காரத்துக்கு வாங்கும் ரோசா அடுத்த நாளே கழுத்து மடிகிறது. என்ன செய்யலாம்?
*வாசகி, தலவாக்கலை*

வெட்டிய நொடியில் இழுவிசையில் இருக்கும் காழ் காற்றை உள்ளே உறிஞ்சிவிடும். பிறகு பற்றீரியா வந்து மிச்சக் குழாயையும் அடைக்கும். தண்டின் அடியில் 3 சென்ரிமீற்றரைத் தண்ணீருக்குள் வைத்தே சாய்வாக வெட்டுங்கள். மழுங்கிய கத்தரிக்கோல் குழாயை நசுக்கும்; கூரான கத்தி எடுங்கள். நீருக்குள் அமிழும் இலைகளைக் களையுங்கள். ஒரு லீற்றர் நீருக்கு ஒரு மேசைக்கரண்டி சீனி, துணி வெளுக்கும் குளோரின் திரவம் கால் தேக்கரண்டி. சீனி பூவுக்கு உணவு. குளோரின் இல்லாமல் சீனி மட்டும் போட்டால் பற்றீரியாவுக்குத்தான் விருந்து. இதில் தேசிக்காய்ச் சாறு சேர்க்கவேண்டாம், நச்சு வாயு கிளம்பும். இரண்டு நாளுக்கு ஒருமுறை கரைசலை மாற்றி, அடியில் ஒரு சென்ரிமீற்றரை மறுபடி நீருக்குள் வைத்து வெட்டிவிடுங்கள்.